வாயில் நான்கு பள்ளம்

காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில்
சார்ஜர் வயர், ஜோடி தொலைத்த செருப்பு,
முள் நின்ற கைக்கடிகாரங்களுக்கு நடுவே
வாயைப் பிளந்து கிடந்தது.
ஒரு சாண் நீளம். வார்ப்பிரும்பு.
முதுகில் செதில். வால்தான் கைப்பிடி.
இரண்டு தாடைக்கும் நடுவே
பெரிதிலிருந்து சிறிதாக நான்கு பள்ளம்,
பள்ளத்துக்குள் வரிவரியாய்ப் பல்.

"என்னது பாய் இது?"
"முதலை, அக்கா."
"எதுக்கு?"
"எதுக்கு வேணா வச்சிக்கலாம். ஐநூறு."
இருநூற்றைம்பதில் முடிந்தது.
எதற்கென்று தெரியாத ஒன்றுக்கு
எந்தக் கணக்கில் பேரம் பேசினேன் என்று
நேரு வீதி திரும்பும்வரை யோசித்தேன்.

மாடிவீட்டு சொல்தா கையில் தூக்கி எடை பார்த்து
"காஸ்நுவா" என்றார், கொட்டை உடைப்பதாம்.
பாதாம் வைத்தோம்.
பள்ளத்தில் பத்திரமாக உட்கார்ந்துகொண்டது.
மீன் கொண்டுவரும் அஞ்சலாட்சிக்குச் சந்தேகமே இல்லை:
நண்டுக்கால்.
குழாய் ரிப்பேருக்கு வந்த தணிகாசலம்
பைப்பைக் கவ்வுவது என்று சொல்லி
விலைக்கும் கேட்டான்.
பல் டாக்டர் சிரித்தார்,
சிரித்துவிட்டுக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.
என் வீட்டுக்காரர் குலோத்துங்கன், பாக்குவெட்டி என்றார்.
"வெட்டவே வெட்டாதே?"
"மொன்னையாயிருச்சு."
ஒருவர்கூட
'தெரியலை' என்று சொல்லவில்லை.

எனக்குத் தெரிந்தது ஒரு வேலைதான்.
நெல்லித்தோப்பு லேபில் பதினோரு வருஷம்.
ரத்தம், சிறுநீர், சளி,
பேர் ஒட்டி வருவதைத் தகட்டில் தேய்த்து
கண்டதை மட்டும் எழுதுவது.
'இருக்கலாம்' என்று எழுதக் கூடாது.

திங்கட்கிழமை, சாப்பாட்டுக்கு முந்தின சர்க்கரை
சாப்பாட்டுக்குப் பிந்தின சர்க்கரை எல்லாம் ஓய்ந்தபின்
மூன்றாவது பள்ளத்தின் மூலையை
ஊசியால் சுரண்டினேன்.
கடுகளவு தூள், காப்பிப்பொடி நிறம்.
தண்ணீரில் போட்டேன். மிதந்தது.
அமுக்கினேன். திரும்ப வந்து மிதந்தது.
துருவாயிருந்தால் மூழ்கும்.
பாக்காயிருந்தால் சாயம் விடும்.
நண்டோட்டுக்கு ஆசிட் விட்டால் நுரைக்கும்,
ஒரு சொட்டு விட்டேன், சும்மா இருந்தது.

லென்ஸை இறக்கினேன்.
அறை அறையாய், ஒட்டி ஒட்டி,
உட்கரு இல்லை, நார் இல்லை,
குடித்தனம் காலிசெய்து போன
வரிசை வீடுகள் மாதிரி
சுவர் மட்டும்.

"என்ன கேஸு?" என்றாள் இருதயமேரி.
"பேஷண்ட் பேரு முதலை."
அவள் குனிந்து பார்த்தாள், ரொம்ப நேரம்.
ஒன்றும் சொல்லாமல் போய்
அலமாரியின் அடித்தட்டிலிருந்து
லேபிள் உதிர்ந்த பழுப்பு பாட்டிலைக் கொண்டுவந்தாள்.
திருகுமூடிக்கு முந்தின காலத்துப் பாட்டில்.
தக்கை.

கழற்றியதைத் திரும்பச் செருகினால்
காய்ந்துபோன கட்டை, நுழைய மறுத்தது.
மூன்றாவது பள்ளத்தில் வைத்து வாலை அழுத்தினேன்.
உருட்டி மறுபடி.
சின்னதாய் ஒரு முனகல்.
கழுத்துக்குள் சத்தமில்லாமல் இறங்கியது.

நான்கு அளவு பாட்டில் வைத்திருந்த
ஏதோ ஒரு மருந்துக்கடை. இது ஊகம்,
ரிப்போர்ட்டில் வராது.
மூன்றாவதில்தான் பல் அதிகம் தேய்ந்திருக்கிறது,
அது வரும்.
இருமலுக்கா, வயிற்றுவலிக்கா,
எதற்கு அத்தனை மூன்றாம் நம்பர் பாட்டில்?
அதைப் பார்க்க எங்களிடம் லென்ஸ் இல்லை.

"இவ்ளோ வாய வச்சிக்கிட்டு எதையும் உடைக்காதா?"
என்றார் குலோத்துங்கன்.
"உடைக்காது. அமுக்கி இளக்கும்."
"பாக்குக்கும் ஆகும், பாரேன்"
என்று போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு பாயிடம் சொன்னேன்.
"தெரிஞ்சுபோச்சா" என்றார், துக்கம் விசாரிப்பதுபோல.
"அப்ப நூறுக்குத்தான் திருப்பி எடுப்பேன்."

அவர் முழங்காலருகே வேறொன்று கிடந்தது.
மரப்பிடி, சுருள் கம்பி,
நுனியில் காது மாதிரி ஒரு வளைவு.
எதற்கென்று கேட்கவில்லை.
எவ்வளவு என்று கேட்டேன்.